காதில் விழும் குன்று

செய்யாத தப்புக்குப் புதிர் அக்கா மன்னிப்புக் கேட்டிருந்தார்.

ஞாயிறு இதழில், குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று வரி: ‘இரண்டு வாரத்துக்கு முந்தைய புதிரில் பதினேழாவது குறிப்பு இரண்டு விடைகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. மலை, மழை இரண்டுமே சரி. பிழை என்னுடையது.’

படித்ததும் மெய்ப்புத் திருத்துபவருக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார். பிடித்ததை யார் முகத்துக்காகவும் விடமாட்டார். பதினோரு வருஷமாகப் புதிர்ப் பக்கம் அவர் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகிறது. இந்த மூன்று வரி மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

பழைய இதழைத் தேடி எடுத்தார். ‘மாரி என்று காதில் விழும் குன்று (2).’

மாரி என்றால் மழை. அப்படிக் காதில் விழுகிற குன்று, மலை. நம்மில் பாதிப் பேர் வாயில் ழகரம் லகரமாகத்தானே வருகிறது, அதை வைத்துப் பின்னிய குறிப்பு. ‘மாரி, காதில் விழுவது, குன்று’ என்று எழுதியிருந்தால், எது ஓசை, எது விடை என்று தடுமாறலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விடை மலைதான்.

திங்கட்கிழமை போன்மேல் போன். சரியாகப் போட்டவர்களுக்கெல்லாம் கோபம். மழை என்று உளறியவனும் நானும் ஒன்றா என்று கேட்டார் ஒரு வாசகர்.

ஆசிரியர் பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: குறிப்பு சரி, திருத்தம்தான் தப்பு.

அக்காவுக்கு வயசாகிவிட்டது, யாரையும் கேட்காமல் இல்லாத பிழையை அச்சில் ஏற்றுகிறார் என்று முடிவு கட்டினார் ஆசிரியர். அடுத்த வாரத்திலிருந்து பக்கம் வேறு ஆளுக்கு.

அக்கா சரி என்று எழுந்துவிட்டார். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றார் பூதக்கண்ணாடி.

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? அந்தக் குறிப்புல ஒரு குறையும் இல்லையே.”

“தப்புன்னு போட்டாச்சு. அதோட விட்டுடுங்க,” என்று அகராதியைப் பைக்குள் வைத்தார் அக்கா.

வீம்பு என்று நினைத்துக்கொண்டார் அவர். தடுமாறியதை ஒத்துக்கொள்ளக்கூட அக்காவுக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை மதியம் புதிர் அக்காவைப் பார்க்க ஒரு அம்மா வந்தார். அக்கா இல்லை என்றதும், புதிரைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். வரவேற்பில் இருந்த பெண் பூதக்கண்ணாடியிடம் அனுப்பிவைத்தாள்.

அந்த அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். கணவர் சுருக்கெழுத்தராக இருந்தவர். வாராவாரம் இந்தப் புதிரைப் போடாமல் சாப்பிட உட்காரமாட்டார். ஏழு மாசத்துக்கு முன் பக்கவாதம். கை கொஞ்சம் தேறியது, எழுத்துதான் குழம்பிப்போனது. லகரம், ழகரம் எல்லாம் அவருக்கு ஒரே ஓசை. அப்படியும் விடாமல் முயன்று, போன மாசம் முதல் தடவையாக எல்லாக் கட்டத்தையும் தானே நிரப்பினார். விடை வந்தபோது ஒன்று தப்பு. மழை என்று எழுதியிருந்தார்.

“என் மூளை போயிடுச்சுன்னு சொல்லி பேனாவைத் தூரப் போட்டுட்டார் சார். அப்புறம் பேச்சே இல்லை. எனக்கு வேற வழி தெரியலை, அந்த அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டேன். அடுத்த வாரமே திருத்தம் வந்துச்சு.”

பூதக்கண்ணாடி எதிரே இருந்த அச்சுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேனாவைத் திரும்ப எடுத்துட்டார். ஆனா நேத்துலேருந்து ஒரு சந்தேகம். குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். நீ ஏதாவது எழுதிப் போட்டியான்னு கேட்டார். இல்லன்னுட்டேன். தன் மேல இரக்கப்பட்டுப் போட்டிருந்தா இனிமே இந்தப் பேப்பரே வேண்டாம்கிறார்.” முந்தானை நுனியை விரலில் சுற்றினார். “நிஜமாவே அது பிழைதானா சார்?”

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கடைசிக் கேள்வி அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும், கதவருகிலேயே நின்றுவிட்டார்.

பூதக்கண்ணாடி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

“பிழைதாம்மா. மலைன்னும் எடுக்கலாம், மழைன்னும் எடுக்கலாம். உங்க வீட்டுக்காரர் எழுதினது சரிதான்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்தப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவன் நான்.”

அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஆசிரியர் பக்கத்தில் வந்தார். “அன்னிக்கு என்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே?”

“அன்னிக்கு நான் சரியாப் படிக்கலை சார். அக்கா திருத்தினதுதான் சரி,” என்றார் பூதக்கண்ணாடி. “பிழை என்னோடதுன்னு இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுடுங்க.”