மங்காத கதிரை

வாப்பா மௌத்தாகி அடக்கமானதிலிருந்து உம்மா, கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறார். அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் திரைச்சீலைக்குப் பின்னாலேயே அவருடைய பொழுது போகிறது. அதனால் அக்கீலா, கமராவில் திரைச்சீலை விழாமல், தனக்குப் பின்னால் வாப்பாவின் வெறும் கதிரை இருக்கும் பக்கம் விழும்படி மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். ஆளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மங்கலாக்கும் வசதியையும் போட்டுக்கொண்டு, கண்டக்குழி வீட்டிலிருந்தே பல்கலைக்கழக வாய்மொழிப் பரீட்சைக்கு அமர்ந்தாள்.

முதல் கேள்விக்கு முன்பே விரிவுரையாளர் முகத்தைச் சுளித்தார்.

"பின்னுக்குக் கதிரையில இருக்கிறவர வெளிய போகச் சொல்லுங்க. இல்லாட்டி பரீட்சைய நடத்த ஏலாது."

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. கணினியில் சுவரும் அலுமாரியும் மங்கிக் கிடந்தன. கதிரை மட்டும் அவளைப் போலவே தெளிவாகத் தெரிந்தது.

"மகள், ஆரு வந்திருக்கிற?" திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டார். "அந்நிய ஆம்பிளையா?"

அக்கீலா வாப்பாவின் கதிரையை மறுபடி பார்த்தாள்.

"இல்ல, உம்மா."

திரைச்சீலை மெல்ல விலகியது.