வரட்டும், வரட்டும்

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வேன். மகள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய செங்கோடனுக்கு, பேர் வாயில் நுழையாத இந்த மலைக்காட்டில்தான் பெண்டாட்டி பாவாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வாய்த்தது. ஒற்றை வண்டிப் பாதை. எதிரே ஆடு ஏற்றிய லாரி வந்து நின்றது. இவர்தான் பின்னால் எடுக்கவேண்டும். இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் அதலபாதாளம். மூடுபனியில் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கிளீனர் ராக்கியப்பன் இருந்தால், அவன் பாடியில் தட்டுகிற சத்தத்தை வைத்தே இவர் எடுத்துவிடுவார். அவன் செத்து ஒன்பது வருஷம்.

"நீ எறங்கிக்க. போனா நான் மட்டும் போறேன்."

"ஆமா, உங்களத் தொலைச்சுட்டு இந்த ஊர்ல யாருகிட்ட நான் வழி கேக்கறது?"

இறங்கிப் பின்பக்கம் போனாள். பாடியில் இரண்டு தட்டு. "வரட்டும், வரட்டும்... லெப்டு ஒடி... வரட்டும்." பாதை அகன்ற இடம் வந்ததும் ஓங்கி ஒரே தட்டு. செங்கோடன் பிரேக்கை மிதித்தார். அச்சு அசல் ராக்கியப்பன்.

"இத யாரு புள்ள சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். மாசத்துல வூட்ல படுக்கற நாலு நாளும் தூக்கத்துல செவுத்தத் தட்டி இதத்தானுங்களே கத்துவீங்க."

ஆட்டு லாரி கடந்து போய்விட்டது. செங்கோடன் கியரைப் போடவில்லை.

"அப்ப நீ தூங்கவே இல்லியா?" என்றார்.