வாய் கொப்பளிக்கும் வரிசை

சங்கு ஊதியதும் கிடங்கு வாசலில் கறுப்புச் சட்டியை வைக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார் மானேஜர் கலியமூர்த்தி.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பைப் பொறுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போகும் முன் அந்தச் சட்டியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தண்ணீர் வெளுத்திருந்தால் பருப்பைத் தின்றிருக்கிறாள் என்று அர்த்தம். மறுநாள் அவளுக்கு வேலை கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன மறுவருஷம் அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அவரை மட்டும் இன்னும் பிரெஞ்சு துரைகளைப் போல முசே என்றுதான் கூப்பிட வேண்டும்.

மேஸ்திரி குஞ்சம்மாளுக்கு அந்தச் சட்டியைப் பார்த்தாலே வயிறு எரியும். துப்புவதுதான் துப்புகிறோம், அதைப் போய்ச் சட்டியில் துப்புகிறோமே என்று நினைத்துக்கொள்வாள்.

இன்று எரிச்சல் இன்னும் கூடியிருந்தது. கடைசிப் பாயில் இருந்த சந்திரகலா, மதியத்துக்கு மேல் பருப்பை அள்ளி அள்ளி வாயில் போட்டதைப் பார்த்திருந்தாள். மாசமாக இருக்கிறவள். பசி தாங்கியிருக்காது.

சந்திரகலா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குஞ்சம்மாள் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசிப் பாய்க்குத் தள்ளியதும் அவள்தான். ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

கலியமூர்த்தி குஞ்சம்மாளை அருகே அழைத்து, குரலைத் தாழ்த்திச் சிரித்தார்.

"அந்தக் கடைசிப் பாய்க்காரிய மொதல்ல கூட்டியா. அவ தின்னத நானும் பாத்தேன். நீயே புடிச்சிக் குடுத்ததா இருக்கட்டும். உனக்கு நான் பண்ற உபகாரம்னு வச்சிக்க."

அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. யாருக்கு யாரைப் பிடிக்காது என்று தெரிந்து வைத்துக்கொண்டல்லவா இத்தனை நாளும் இந்தக் கிடங்கை ஓட்டியிருக்கிறான், பாவி!

திரும்பினாள். சந்திரகலா சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மற்ற பெண்கள் யாரும் முசேயைப் பார்க்கவில்லை. குஞ்சம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குஞ்சம்மாள் குவியலிலிருந்து ஒரு கை பருப்பை அள்ளி வாயில் போட்டாள். அவர் கண்ணெதிரே, அவசரமில்லாமல் மென்றாள். சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள்.

சட்டித் தண்ணீர் பாலாக வெளுத்தது.

"நானும் தின்னுட்டேன் முசே. எனக்கும் நாளைக்கி வேல இல்லதானே?"

கலியமூர்த்தி எழுந்துவிட்டார். "இன்னா திமிரு இது? எவளாச்சும் இவ பின்னாடி போனீங்க..."

அவர் முடிப்பதற்குள் அன்னக்கிளி குவியலில் கைவிட்டாள்.

"யக்கா, வறுத்துக் குடுத்திருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள், வாய் நிறைய.

அடுத்து தனம். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியவில்லை. கிடங்கு முழுக்க மெல்லும் சத்தம்தான். சந்திரகலாவும் வரிசையோடு வந்து துப்பினாள். அதை யார் கவனித்தார்கள்?

கடலில் கப்பல் சரக்குக்காகக் காத்திருந்தது. அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு அவர் யாரை வைத்துப் பருப்பு பொறுக்குவார்?

"போங்க, போய்த் தொலைங்க. காலையில நேரத்தோட வாங்க" என்றார் கலியமூர்த்தி, யார் முகத்தையும் பார்க்காமல்.

தெருமுனையில் சந்திரகலா பின்னாலேயே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர்.

"யக்கா..."

"அக்கான்னு கூப்புட்ட, பல்லத் தட்டிடுவேன்." குஞ்சம்மாளின் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. "புள்ளத்தாச்சி வெறும் வயித்தோட வேலைக்கி வரலாமா? அந்த ஆளு ஊட்டுக்கு அரிசி வாங்கிப் போடறானா இல்லியா?"

சந்திரகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

குஞ்சம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தாலி கட்டன புதுசுலயும் அவன் இப்பிடித்தான்."