உப்புக் கரித்த மீன் குழம்பு

"ஐயோ, அதை ஏன் கேக்கற! மீன் குழம்பை வாயில வைக்க முடியல. ஒரே உப்பு!"

கூடத்தில் மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றது.

"பருப்பா? வேகவே இல்ல. நறுக்கு நறுக்குன்னு கடிபடுது. அந்த இனிப்பு இருக்கே, சுத்தியல் எடுத்துத்தான் உடைக்கணும்!"

மருமகளுக்குக் காது சூடேறியது. உப்பா? சற்று முன்னால் அதே குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, தட்டை வழித்துச் சாப்பிட்டது யாராம்?

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவர்கள். அவர்களைத் துளைத்தெடுத்து, அவரவர் வீட்டுப் பக்குவத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மலையோர வீட்டுப் பருப்பு, கடலோர வீட்டு மீன் குழம்பு, சமவெளிக்காரர் வீட்டுப் பால் இனிப்பு... ஞாயிற்றுக்கிழமையானால் நோட்டைப் பிரித்துவிடுவாள். வாரத்தில் அவளுக்கென்று இருக்கும் ஒரே சந்தோஷம் அதுதான்.

இன்றைக்கு ஐந்து வீட்டுச் சமையல். சாப்பிட உட்கார்ந்ததும் கணவன் தட்டைப் படமெடுத்து, 'ஒரே தட்டில் ஐந்து வீட்டுச் சமையல்!' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். மாமியார் கை கழுவி வருவதற்குள் அவளுடைய ஓரகத்தியிடமிருந்து போன். அதற்குத்தான் இந்தப் பதில்.

மருமகள் திரும்பிக் கணவனை முறைத்தாள்.

"அம்மா ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்று கிசுகிசுத்துவிட்டு, என்றைக்கும் தொடாத துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவன் மாடிக்கு நழுவினான்.

போன் பேச்சு முடிந்தது. மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு மாமியார் எதிரே போய் நின்றாள். அழுகை வருகிறதா, கோபம் வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உப்பு அதிகம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை? சொந்தக்காரங்ககிட்ட என் மானத்தை வாங்கணுமா? இனிமே அந்த நோட்டையே நான் தொடப்போறதில்ல."

"உப்பா? யாரு சொன்னா? கச்சிதமா இருந்துச்சே!"

"நீங்கதான். இப்போ, போன்ல."

"அதுவா!" மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். "முதல்ல உக்காரு. பள்ளிக்கூட லீவுக்கு அவங்க குடும்பத்துல பதினோரு பேரும் இங்க வந்து இருபது நாள் தங்கறதா முடிவு பண்ணிட்டாங்க. படத்தைப் பார்த்ததும் நாக்கு ஊறுதாம். தினம் ஒரு வீட்டுச் சமையலா உன்னைப் பண்ணிப் போடச் சொல்றா."

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பதினோரு பேரா? இருபது நாளா?"

"அது முன்னாடி. இப்போ ஒரே நாள்தான். காலையில வந்து தலையைக் காட்டிட்டுச் சாயங்காலமே கிளம்பிடுவாங்களாம். சாப்பாடு கூட அவங்களே கட்டிக்கிட்டு வராங்களாம், நமக்கும் சேர்த்து!"

அப்பாடா என்று மருமகள் நாற்காலியில் சாய்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது. சிரிப்பும் வந்தது. ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு சின்ன வருத்தம்.

"இருந்தாலும், சமைக்கத் தெரியாதவன்னு எனக்குப் பேரு வந்துடுச்சே அத்தை!"

"வரட்டுமே. நீ ஆசைக்குச் சமைக்கிறே. அது ஆசையாவே இருக்கட்டும்." மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் மாமியார் என்னை மாதிரி இல்லம்மா, ரொம்ப நல்லவங்க. நான் வந்த முதல் வாரமே, 'எங்க மருமகளுக்கு என்ன கைமணம்!'னு சொந்தம் பூரா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷம், எந்த லீவுக்கும் நான் அடுப்படியை விட்டு வெளிய வரல."