வாயைக் கட்டினேன்

கதவைத் திறப்பதற்கு முன் கோமு புரதப்பொடி டப்பாவை சோபாவுக்கு அடியில் தள்ளினாள்.

குனிந்ததில் வயிற்றுத் தையல் சுருக்கென்றது.

வாசலில் பிலோமினா. கையில் தூக்குச்சட்டி. இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

பாளையங்கோட்டையில் இருவருக்கும் ஒரே பெண்கள் பள்ளி. பதினான்கு வருடம். ஆசிரியர் அறையில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் இவர்கள் இரண்டு பேர் உட்காருவார்கள். மூன்றாவது ஆளுக்கு ஒருநாளும் இடம் இருந்ததில்லை. அதைச் சொல்லி முதலில் சிரிப்பவள் பிலோமினாதான்.

“அடுத்தவங்க சிரிக்கதுக்குள்ள நாம சிரிச்சிரணும், கோமு.”

பித்தப்பையில் கல் என்று கோமு பள்ளியில் சொல்லியிருந்தாள். உடம்பு இளைக்க இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தது அவள் கணவனுக்கு மட்டும் தெரியும்.

பத்தொன்பது நாள். பதினொரு கிலோ.

பிலோமினா உட்காரவில்லை. கோமுவின் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த நைட்டியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்காததுபோல் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

“சொதி வச்சுக் கொண்டாந்தேன். தேங்காப்பாலும் பருப்பும்தான். கல்லு எடுத்த வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது.”

கோமு ஒரு ஸ்பூன் விழுங்கினாள்.

இன்னொரு ஸ்பூன்.

நெஞ்சுக்கு நடுவில் ஒரு கல் வந்து உட்கார்ந்தது. வாயில் எச்சில் ஊறியது. போதும் என்று கையைக் காட்டினாள்.

பிலோமினா சட்டியைப் பார்த்தாள். மட்டம் குறைந்தது தெரியவேயில்லை.

“எப்படிட்டி இது?”

அதில் கேலி இல்லை. பதினான்கு வருடத்தில் அவள் இந்தக் குரலில் எதையும் கேட்டதில்லை.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ஆசிரியர் அறையும் வந்தது. வெட்டிக் குறைச்சுக்கிட்டாளாம். அடக்கத் தெரியாதவ, அறுத்து எடுத்துட்டாளாம்.

“வாயைக் கட்டினேன், பிலோ. அவ்வளவுதான்.”

வாயைக் கட்டு. பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னது அது. அளவு எடுத்த தையல்காரி சொன்னது. பிரசவம் பார்த்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னது. பிலோமினாவுக்கும் அதே சொல்தான், வேறு வேறு வாய்களிலிருந்து. கேட்டுவிட்டு வந்த நாட்களில் இருவரும் பள்ளிக்கு எதிர்க்கடையில் நின்று உளுந்தவடை தின்பார்கள். சொன்னவர்களைத் திட்டித் திட்டித் தின்பார்கள்.

இன்று அதைச் சொன்னது அவள் வாய்.

பிலோமினா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப கோளாறு என்கிட்டதான்” என்றாள்.

சட்டி விளிம்பில் வழிந்ததை விரலால் துடைத்தாள்.

“நானும் இன்னைலேருந்து ராத்திரிச் சாப்பாட்ட விட்டுருதேன். உன்னால முடிஞ்சிருக்கு, என்னால முடியாதா?”

அவள் காலையும் மாலையும் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவள். போன வருடம் ஒருநாள், ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து, ஐந்தாவது பீரியடில் கரும்பலகைக்குக் கீழே விழுந்தாள். ஓடிப்போய் அவள் வாயில் சர்க்கரையைத் திணித்தது கோமுதான். வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை. இரவில் விழுந்தால் மறுநாள் வருகைப் பதிவேட்டில்தான் தெரியும்.

ஊசி போட்டுட்டுப் பட்டினி கிடக்காத.

இதைச் சொல்ல வேண்டும். சொன்னால், அப்போ நீ மட்டும் எப்படி என்பாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

கோமு தலையை ஆட்டினாள்.

சரி என்பதுபோல் ஆட்டினாள்.

பிலோமினா சொதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்தாள். தூக்குச்சட்டியை அவளே கழுவினாள். கிளம்பும்போது கோமுவின் கன்னத்தை ஈரக்கையால் தொட்டாள்.

“நல்லாருக்கட்டி. நெசமாவே அழகா இருக்க.”

கதவு சாத்திக்கொண்டது.

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. மூட்டுவலிக்காரியின் இறக்கம். வலது கால் இறங்கும். இடது கால் வந்து சேரும். ஒரு மூச்சு. மறுபடி வலது கால்.

கதவில் நெற்றியை வைத்து கோமு கேட்டுக்கொண்டே நின்றாள். முகம் எரிந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

வலது கால். இடது கால். மூச்சு.

கதவைத் திறந்தாள்.

“பிலோ.”

சத்தம் நின்றது.

“என்னட்டி? எதையும் விட்டுட்டு வந்துட்டனா? இரு, மேல வாரேன்.”

“ஏறாத. நான் எறங்கி வாரேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து, ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் அவள் இந்தப் படியில் கால் வைத்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கீழே திருப்பத்தில் பிலோமினா முகத்தை நிமிர்த்திக் காத்துக்கொண்டிருந்தாள்.

முதல் வார்த்தை என்னவென்று கோமுவுக்கு இன்னும் தெரியவில்லை.

எட்டுப் படிகள் இருந்தன.