முக்கால் சென்ட்டின் துறவு

மானுட வரலாற்றில் அன்று காலை ஒரு மாபெரும் தியாகம் நிகழவிருந்தது. இடம், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள பத்திர எழுத்தர் கடை.

தியாகம் செய்பவர், அவளுடைய அண்ணன். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஞானசிகாமணி.

தியாகம் செய்யப்படும் பொருள், ஊருக்கு வெளியே அப்பா வாங்கிப்போட்ட ஒன்றரை சென்ட்டில் அவருடைய பாதி.

தியாகத்தைப் பெறவிருந்த தங்கை, அவள், ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

மனை அவள் ஒருத்தி பெயரில் இருந்தால்தான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் மனு எடுப்பார்கள். நாளை கடைசி நாள். இங்கே டோக்கன் பன்னிரண்டு மணிக்கு. இப்போது பதினொன்றே கால்.

எழுத்தர் காசிலிங்கம் வாசித்தார். "'எனது பாத்தியதையை விடுதலை செய்து கொடுக்கிறேன்.' சரிங்களா சார்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பு தொடங்கிவிட்டது.

"விடுதலை செய்ய நான் என்ன ஜெயில் சூப்பிரண்டா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுறது. வேணும்னா 'விட்டுக்கொடுக்கிறேன்'னு போடட்டுமா?"

"அது பஸ்ஸுல சீட்டு விட்டுக்கொடுக்கிறது."

"'கைவிடுகிறேன்'?"

"பெத்த தாயைக் கைவிட்ட மாதிரி இருக்குய்யா."

காசிலிங்கம் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டார்.

அண்ணன் சாலையை வெறித்தார். ஒரு குப்பை வண்டி போயிற்று. அது போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"துறக்கிறேன்."

பக்கத்து நாற்காலியில் வாரிசுச் சான்றிதழோடு காத்திருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"துறக்கிறவங்க பத்திரம் பண்ண வரமாட்டாங்களே சார்."

"கிண்டலா?"

"இல்ல சார். துறந்தா உங்ககிட்டேர்ந்து போயிடும். யாருக்குப் போச்சுன்னு வராதே. இந்தம்மாவுக்குன்னு வரணுமில்ல?"

அண்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பத்தொரு வருடப் பணியில் எந்த மாணவனும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பதினொன்று நாற்பது.

அவளுக்குப் பதற்றம் வரவில்லை. ஒன்பது வாடகை வீடுகளில் எட்டில் அடுப்பு ஜன்னலைப் பார்த்து இல்லை. புது வீட்டில் ஜன்னலைப் பார்த்தே வைக்கவேண்டும். கிரைண்டருக்கு மூலையில் ஓர் இடம். வாசலில் செருப்பு விட ஒரு படி, தன்னுடைய படி. மனதுக்குள் அவள் கொல்லைப்புறம் வரைக்கும் கட்டி முடித்திருந்தாள்.

அண்ணன் இன்னும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூஸ் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ரெண்டையும் போட்டுக்கலாமே. 'துறந்து விடுதலை செய்கிறேன்'னு. படிக்கிறவங்களுக்கு உங்க மனசும் தெரியும்."

அண்ணன் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பாத்தியா காசிலிங்கம்? எங்க ரத்தம்."

காசிலிங்கம் திருத்தினார். கணினிக்கார அம்மா தட்டினாள். தாள் சூடாக வெளியே வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் சார்பதிவாளர் முன்னால் நின்றார். துண்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு வார்த்தை பேசலாமா?"

"கட்டைவிரலை வைங்க சார்."

வைத்தார்.

"கேமராவப் பாருங்க. அடுத்த டோக்கன்."

தியாகம் முடிந்தது.

வெளியே வெயில் நன்றாக இருந்தது. ரசீது அவள் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அண்ணனுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். அவர் உறிஞ்சிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"விட்டுக்கொடுக்கிறதுன்னா லேசுன்னு நெனைச்சுட்டிருந்தேம்மா. ஒரு சொல்லுக்கு எவ்ளோ பாடு பாரு."

"ஆமாண்ணே."

அவள் மனமாரத்தான் சொன்னாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், இதே அலுவலகத்தில், அண்ணன் இப்போது குடியிருக்கும் கடைத்தெரு மாடி வீட்டில் தனக்கிருந்த பாதியை அவள் அவருக்கு எழுதிக்கொடுத்தாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று.