இரண்டு இடது இறக்கைகள்

டெல்மர் செய்து முடித்திருந்த இறக்கைகள் இரண்டுமே இடது பக்கத்துக்கானவை.

மினசோட்டாக் குளிர்காலம் முழுக்கக் கராஜுக்குள் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடந்து, மரத்தை இழைத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கடைசியில் ஒரு விமானத்துக்கு இரண்டு இடது கை.

முதல் இறக்கையை வரைபடத்தின்மேல் கிடத்திச் செய்தவன், இரண்டாவதைக் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றிச் செய்ய வேண்டும் என்பதை மறந்து, அதே வாக்கில் செய்துவிட்டான். அவனைப்போலவே வீட்டில் விமானம் கட்டுகிற ஆர்லன் தபாலில் வாங்கி வைத்திருப்பதும் இதே வரைபடம்தான். சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி போட்டிருப்பார்கள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்குப் புரியவில்லை.

ஆர்லனுக்கு இருந்த சந்தோஷத்தில் காலைச் சாப்பாடுகூட இறங்கவில்லை. நேரே டிரக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மூடி மறைக்க வேண்டிய சங்கதியை டெல்மர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தான். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் சங்கமே அவன் வாசலில் நின்றது. உதவாத இறக்கையை அறுத்துக் குழியில் போட்டு எரித்து, அந்தத் தீயில் சாசேஜ் சுட்டுத் தின்னப்போகிறார்களாம். கொஞ்சமாவது சூடு சொரணை உள்ளவன் செய்கிற காரியமா இது?

டெல்மர் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தான். காபி கழுநீர் மாதிரி இருந்தது.

"இதக் கவுத்துப் போட்டா வலது ஆயிடாதா?" என்று கேட்டான் பல் டாக்டர் வெண்டல்.

"ஆகும். நீ தலைகீழாப் பறக்கணும்" என்றான் ஆர்லன்.

இந்தக் கூட்டத்தில் அவன் வாயில் விழாத ஆளே கிடையாது. சனிக்கிழமையானால் டார்ச்சும் கையுமாக அடுத்தவன் கராஜுக்குள் நுழைந்து, பசை வழிகிறது, ஆணி கோணியிருக்கிறது என்று மானத்தை வாங்கிவிட்டுத்தான் வெளியே வருவான். வெண்டல் தானே ஒரு துண்டுகூட அறுத்ததில்லை, பெட்டியில் வந்ததை ஒட்டுகிறவன். மற்றவர்கள் அதற்கும் லாயக்கில்லை.

"உன்னோடது எப்பப்பா பறக்கும்? கண்ணாலயாவது காட்டேன்" என்றான் வெண்டல்.

"எஞ்சின் வரட்டும்."

எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். யாரிடமும் சொல்லாதது வேறு. டாக்டர் அவன் இதயத்தைச் சோதித்துவிட்டு, விமானம் ஓட்டுவதெல்லாம் இந்தக் கோடையோடு சரி, அதற்குமேல் உடல்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தன் கையால் கட்டியதில் ஒரு தடவையாவது மேலே போய் வராவிட்டால், அப்புறம் அவன் டார்ச் பிடிக்கிற கிழவன், அவ்வளவுதான்.

டெல்மர் ரம்பத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான்.

"முதல் அறுப்பு நீதாம்ப்பா. உன்ன விட்டா யாருக்கு அந்த யோக்கியதை இருக்கு?"

அறுப்பதற்குமுன் நாலு குறையாவது சொல்லி வைப்போம் என்று ஆர்லன் டார்ச்சை எடுத்தான். இரண்டு முக்காலிகள்மேல் கிடந்த இறக்கையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். துணி போர்த்தாத வெறும் மரக்கூடு. மூலைகளில் பசை அளவாகப் பிதுங்கிக் காய்ந்திருந்தது. நெடுஞ்சட்டம் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. விரலால் தட்டினான். எங்கேயும் ஒட்டு விட்டதுபோலச் சத்தம் வரவில்லை.

அவனுக்கு வயிறெரிந்தது.

ரம்பத்தைச் சட்டத்தின்மேல் வைத்தான். அறு, அறு என்று எல்லோரும் கத்தினார்கள். கை நகரவில்லை.

"இத எரிச்சு என்னத்தக் காணப்போறீங்க?" என்றான். "நான் கொண்டு போறேன். கோழிக்கூண்டுக்கு ஆகும்."

"உன்கிட்ட ஏது கோழி?"

"வாங்குவேன்."

"கோழிக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு இறக்கை இருக்கேப்பா!" என்றான் வெண்டல். வாயில் இருந்த காபியை ஒருவன் துப்பியேவிட்டான்.

டெல்மர் மட்டும் சிரிக்கவில்லை. இறக்கையின் ஒரு முனையைத் தூக்கினான். ஆர்லன் மறு முனையைப் பிடித்தான். இருவருமாகத் தெருவில் நின்ற டிரக்கின்மேல் அதை ஏற்றினார்கள். மற்றவர்கள் பழைய பலகைகளைக் குழியில் போட்டுத் தீ மூட்டப் போய்விட்டார்கள்.

டெல்மர் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

"கோழிக்கூண்டுன்னு நீ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நாளைக்கு உன்னோட வலதுல ஒண்ண எனக்கு எடுத்துட்டு வா. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

ஆர்லனுக்கு முகம் செத்துவிட்டது.

நாலு வருஷமாக அவன் ஷெட்டுக்குள் மூடிக் கிடக்கும் இரண்டு வலது இறக்கைகளை அவன் மனைவிகூடப் பார்த்ததில்லை. சங்கம் மொத்தமாகத்தான் மரம் தருவிக்கும். திரும்ப ஒரு இறக்கைக்கு மரம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்தே அவன் இன்னொன்று செய்யவில்லை.

இந்தப் பஸ்காரன் சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"முடிச்சு தொளதொளன்னு இருக்கு பாரு. ஒழுங்காக் கட்டு."

டெல்மர் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.